பசித்தவர் வெட்டிய கால்வாயும் பசித்தவருக்காக வெட்டிய கால்வாயும்

ஆசிரியன் செய்யும் தவறு அவனோடு நின்றுவிடுவதில்லை. ஆண்டுதோறும் அவன் முன் வந்தமரும் பிள்ளைகள் அனைவரின் உள்ளத்திலும் அது பாடமாகப் பதிந்துவிடுகிறது. அத்தகைய தவறு ஒன்றை நாமும் நெடுங்காலம் செய்து வந்தோம். அதைத் திருத்திக்கொள்ளும் கடமை நமக்கு இருப்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

மதரஸாவில் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிச் சிறப்பைக் கூறும்போது, நைல் நதியையும் செங்கடலையும் இணைத்து அவர்கள் காலத்தில் வெட்டப்பட்ட கால்வாயைப் பற்றியும் கூறுவோம். எங்கோ மிஸ்ரில் வெட்டப்பட்ட கால்வாய் நம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்காது. ஆகவே, நம் மாவட்டத்து உவமை ஒன்றைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். “நம் மரக்காணத்தில் வந்து முடிகிறதே பக்கிங்காம் கால்வாய், அதுவும் பஞ்ச காலத்தில் வெட்டப்பட்டதுதான். பஞ்சம் வந்தால் கால்வாய் வெட்டுவது நல்லாட்சியின் அடையாளம்” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

சென்ற ஆண்டு மரக்காணத்துப் பக்கமிருந்து வந்து ஓதும் மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். “ஹஜ்ரத், உமர் (ரலி) அவர்கள் வெட்டிய கால்வாயில் மதீனாவுக்குத் தானியம் வந்ததுன்னு சொன்னீங்க. எங்க ஊர்க் கால்வாயில யாருக்குத் தானியம் வந்துச்சு?” என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. “பார்த்துச் சொல்கிறோம், தம்பி” என்றோம். நூல்களைப் புரட்டினோம். ஷஅபான் விடுமுறையில் அதே மாணவரை உடன் அழைத்துக்கொண்டு, கால்வாய் முடியும் இடத்தையும் நேரில் கண்டு வந்தோம்.

உப்பளத்தில் முடியும் நீர்வழி

திண்டிவனத்திலிருந்து கிழக்கே பிரம்மதேசம் வழியாகச் செல்லும் சாலை ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் மரக்காணத்தை அடைகிறது. மணிலாக் கொல்லைகளும் நெல் வயல்களும் மெல்ல மெல்லப் பின்னே போக, சவுக்குத் தோப்புகள் தோன்றுகின்றன. பிறகு மரமே இல்லாத வெட்டவெளி. பாத்தி பாத்தியாகப் பிரிக்கப்பட்ட உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூச வைக்கின்றன. தெற்கே கழுவேலி ஏரி விரிந்து கிடக்கிறது. கடல்நீரும் மழைநீரும் கலக்கும் அந்தப் பரப்பு 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாம் சென்ற நாளிலும் வெளிநாட்டுப் பறவைகள் கூட்டமாக இறங்கியிருந்தன.

இந்த உப்பளங்களின் நடுவேதான் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிறது. வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கி, பழவேற்காடு, எண்ணூர், சென்னை, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடலோரத்தை ஒட்டியே ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தூரம் வரும் நீர்வழி இது. இதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. இவ்வளவு நீண்ட வேலையின் கடைசி முனை எப்படியிருக்கும் என்று நாம் எண்ணிச் சென்றிருந்தோமோ, அதற்கும் கண்டதற்கும் தொடர்பே இல்லை. அசைவற்ற உப்புநீர், சரிந்த மண்கரை, கரையெங்கும் முட்செடிகள். அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், வானளாவிய கற்பாலம் ஒன்றை நம் மனம் எதிர்பார்த்திருந்தது. கால்வாய் என்றதும் நமக்குக் குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலமே நினைவுக்கு வரும். பறளியாற்றின் மேலே 28 தூண்கள் மீது, 115 அடி உயரத்தில், ஏறத்தாழ 1,200 அடி நீளத் தொட்டியில் நீர் ஓடிச் செல்லும் அதிசயம் அது. வறட்சியில் வாடிய கல்குளம், விளவங்கோடு பகுதிகளுக்குப் பாசன நீர் கொடுப்பதற்காக 1966இல் கட்டி முடிக்கப்பட்டது. இஸ்தான்பூல் நகருக்குக் குடிநீர் கொண்டுவர சுல்தான் சுலைமான் காலத்தில் சிற்பி சினான் எழுப்பிய மாக்லோவா கற்பாலத்தின் படத்தைக் கண்டிருப்போருக்கும், அன்னை ஜுபைதா மக்காவின் ஹாஜிகளுக்காக அமைத்த கற்கால்வாயைப் பற்றிப் படித்திருப்போருக்கும் இந்த எதிர்பார்ப்பு வியப்பாகத் தோன்றாது.

ஆனால் பக்கிங்காம் கால்வாய்க்குக் கற்பாலம் தேவைப்படவில்லை. ஏன் என்று எண்ணிப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். வழியில் ஆறு குறுக்கிட்டால் கால்வாய்க்கு மூன்று வழிகள் உண்டு. மாத்தூரைப் போல் ஆற்றுக்கு மேலே பாலத்தில் செல்லலாம். ஆற்றுப் படுகைக்கு அடியில் சுரங்கமாகச் செல்லலாம். அல்லது ஆற்று மட்டத்திலேயே இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுகரையில் மீண்டும் தொடங்கலாம். பக்கிங்காம் கால்வாய் மூன்றாவது வழியைக் கொண்டது. அது பாசனக் கால்வாய் அன்று, படகுக் கால்வாய். அதில் ஓடுவது கடல் ஏற்றத்தால் நிறையும் உப்புநீர். கூவம், அடையாறு, பாலாறு போன்ற ஆறுகள் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களை ஒட்டியே அது செல்கிறது. ஆற்றை அடையும் இடங்களில் கல்லும் காரையும் கொண்டு இரட்டைக் கதவுகள் உள்ள மதகு கட்டினார்கள். படகுக்காரர்கள் அதை ‘லாக்கு’ என்பார்கள். படகு உள்ளே வந்ததும் ஒரு கதவை மூடி, நீர் மட்டத்தைச் சரிசெய்து, மறு கதவைத் திறப்பார்கள். கடல் வற்றும்போது கால்வாய் நீர் வடிந்துவிடாமலும், ஆற்று வெள்ளம் உள்ளே பாய்ந்து கால்வாயை மணலால் தூர்த்துவிடாமலும் அது காத்தது.

எனவே இந்தக் கால்வாய் ஒரு வயலையும் நனைத்ததில்லை. ஒரு குடத்தையும் நிறைத்ததில்லை. சரக்கைச் சுமப்பது மட்டுமே அதன் வேலை. நம் மாணவரின் கேள்விக்கு விடை தேடத் தொடங்கியபோது நமக்குக் கிடைத்த முதல் செய்தி இதுதான்.

வணிகர் தொடங்கியது

இக்கால்வாயின் முதல் துண்டு 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டது. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் அதை வெட்டியதால் காக்ரேன் கால்வாய் என்றே பெயர் வழங்கிற்று. 1837இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு படிப்படியாக வடக்கேயும் தெற்கேயும் நீட்டினார்கள். 1880களின் தொடக்கத்தில் தென்முனை மரக்காணத்தை எட்டியது.

மரக்காணத்தோடு நின்றதற்கு உப்பே காரணம் என்பதை இடத்தைப் பார்த்தாலே உணரலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாகிவிட்டது. உப்பு வரி அரசுக்குப் பெருவருமானம். மரக்காணத்து உப்பும், கடலோரத்து விறகும், சுண்ணாம்புக்குரிய கிளிஞ்சலும் படகேறிச் சென்னை சென்றன. வடக்கிலிருந்து கிருஷ்ணா டெல்டாவின் அரிசியும் இவ்வழியே வந்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. சென்னை நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஐந்து மைல் தூரத்துக்குக் கால்வாய் இல்லை. வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. அந்த ஐந்து மைலை வெட்டி இணைத்த கைகள்தாம் நம் கட்டுரையின் நடுப்பொருள்.

தாது வருஷம்

1876இல் பருவமழை பொய்த்தது. அந்தத் தமிழாண்டின் பெயர் தாது. ‘தாது வருஷப் பஞ்சம்’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டு முதியவர்கள் இன்றும் அறிவார்கள். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தை உள்ளடக்கிய அன்றைய தென்னார்க்காடு உட்படச் சென்னை மாகாணமும், மைசூரும், ஹைதராபாத்தும், பம்பாய் மாகாணத்தின் பெரும்பகுதியும் 1878 வரை பட்டினியில் துடித்தன. இறந்தோர் 50 லட்சத்துக்கும் மேல் என்பது வரலாற்றறிஞர்கள் கணிப்பு. ஊரைவிட்டு இலங்கைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போனவர்கள் எண்ணற்றோர்.

அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. அவரைப் பற்றி நியாயமாகவே பேச வேண்டும். பஞ்சத்தின் தொடக்கத்தில் அவருடைய அரசு 30,000 டன் தானியத்தைச் சந்தைக்குத் தெரியாமல் வாங்கிச் சேமிக்க முனைந்தது. வைசிராய் லிட்டனின் அரசு இதைக் கண்டித்தது. வணிகத்தில் அரசு தலையிடலாகாது, விலையைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்பது அவர்களுடைய கொள்கை. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனம் செய்யும் தர்பார் டில்லியில் கோலாகலமாக நடந்தது. பஞ்சம் தென்னாட்டை விழுங்கிக்கொண்டிருந்த நாள் அது. நாட்டிலிருந்து வெளிநாடுகளுக்குத் தானியம் கப்பலேறுவதும் நிற்கவில்லை.

நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், உழைப்போருக்குரிய கூலியைக் குறைத்தார். ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் 450 கிராம் அளவே. அதை உண்டு நாள் முழுதும் மண் வெட்டிச் சுமக்க வேண்டும். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இவ்வுணவால் உழைக்கும் உடல் நிலைக்காது என்று கடுமையாக வாதிட்டார். சில மாதங்களுக்குப் பின் 1877இல் சென்னை மாகாணத்தில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம்.

இத்தகைய நிவாரணப் பணிகளுள் ஒன்றாகவே 1877-78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் கால்வாய் வெட்டப்பட்டது. வடக்கும் தெற்கும் இணைந்து ஒரே நீர்வழியாயிற்று. 1878இல் அம்முழு நீர்வழிக்கும் ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

ஆக, மாணவரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பஞ்சத்தின்போது அக்கால்வாய் வெட்டப்பட்டது உண்மை. ஆனால் அது பசித்தவரின் வீட்டுக்குத் தானியம் கொண்டு சேர்க்கும் நோக்கத்தோடு வெட்டப்பட்டதன்று. வணிகப் படகுகளுக்காக வெட்ட வேண்டியிருந்த துண்டு அது. பசித்தவரின் கை மலிவாகக் கிடைத்த காலத்தில் அது வெட்டி முடிக்கப்பட்டது. ஒரு வாய்ச் சோறும் கிடைக்காதிருந்தவனுக்கு அந்தக் கூலியும் உயிர்க்காப்பே என்று சிலர் சொல்லலாம். அதை நாம் மறுக்கவில்லை. அந்தக் கூலியால் பிழைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அதை உமர் (ரலி) அவர்களின் கால்வாயோடு ஒரே தட்டில் வைத்து நிறுத்தது நம் பிழை.

சாம்பல் ஆண்டு

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639) ஹிஜாஸில் மழை பெய்யவில்லை. காற்று வீசினால் சாம்பல் போலப் புழுதி எழுந்ததால் அவ்வாண்டை ‘ஆமுர் ரமாதா’, அதாவது சாம்பல் ஆண்டு, என்றனர். பாலைவனத்து மக்கள் திரள் திரளாக மதீனாவின் புறத்தே வந்து தங்கினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்கும் இராக்குக்கும் கடிதம் எழுதி, ஒட்டகங்கள் மீது உணவு வரவழைத்தனர். பொதுச் சமையல் நடந்தது. மக்கள் வயிறார உண்ணும் வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டனர். எண்ணெயையே உண்டதால் அவர்களின் மேனி நிறம் மாறிற்று என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவ்வாண்டு ஜகாத் வசூலையும் ஒத்திவைத்தனர். பசியால் திருடியவனுக்குக் கை வெட்டும் தண்டனையையும் நிறுத்தி வைத்தனர்.

இங்கே ஒரு செய்தியைக் கருத வேண்டும். பசித்து வந்தவர்களிடம் முதலில் வேலை வாங்கிப் பிறகு உணவளிக்கவில்லை. முதலில் உணவு. பஞ்சம் தணிந்த பிறகு, மிஸ்ர் நாடு முஸ்லிம்கள் வசமானதும், இனி ஒருபோதும் மதீனா இவ்வாறு பசிக்கக் கூடாது என்ற எண்ணம் செயலாகியது. ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், ஃபுஸ்தாத் அருகே நைலிலிருந்து செங்கடற்கரையின் குல்ஸும் துறைமுகம் வரை கால்வாய் தோண்டினார்கள். முற்றிலும் புதிய கால்வாய் அன்று அது. ஃபிர்அவ்ன்கள் காலத்திலும், பாரசீக மன்னர் தாரா காலத்திலும், ரோமப் பேரரசர் டிராஜன் காலத்திலும் வெட்டப்பட்டுத் தூர்ந்துபோயிருந்த பழைய வழியே மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கு ‘அமீருல் மூமினீன் கால்வாய்’ என்று பெயர். நைலின் தானியம் படகேறிச் செங்கடல் வழியாக மதீனாவின் துறையான அல்-ஜாருக்கு வந்து இறங்கியது.

மதீனாவுக்கு உணவு கொண்டு சேர்ப்பதற்கென்றே அக்கால்வாய் திறக்கப்பட்டது. வேறுபாடு இதுதான்.

நமக்கும் ஒரு கணக்கு

இந்த இடத்தில் நாம் நிறுத்தியிருந்தால் கட்டுரை நமக்கு இனிப்பாக முடிந்திருக்கும். ஆனால் பிறர் வரலாற்றில் குறை காண்பவன் தன் வரலாற்றுக்கும் அதே தராசைப் பிடிக்க வேண்டும். நீதியின் இலக்கணம் அது.

அக்காலத்து மிஸ்ரில் வாழ்ந்த நிகியூ நகரத்துக் கிறிஸ்தவ ஆயர் யோவான் ஒரு வரலாறு எழுதியிருக்கிறார். அக்கால்வாயைத் தோண்டும் வேலை மிஸ்ர் மக்கள் மீது பெரும் பாரமாகச் சுமத்தப்பட்டது என்று அவர் வருந்துகிறார். அவருடைய வருத்தத்தை நாம் மறைத்துவிடலாகாது. மதீனாவில் ஒரு குழந்தை வயிறார உண்டது என்றால், நைல் கரையில் ஒருவன் முதுகு வலிக்க மண் சுமந்தான் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. அவன் பெயரும் நமக்குத் தெரியாது. சென்னையில் மண் வெட்டியவன் பெயரும் தெரியாது.

இன்னொன்று. இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி உண்டு. பிற்காலத்தில், மர்வான் இப்னு ஹகம் மதீனாவை ஆண்டபோது, அல்-ஜாரில் இறங்கும் தானியத்தைப் பெறுவதற்கான சீட்டுகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. தானியம் கைக்கு வருமுன்பே வணிகர்கள் அச்சீட்டுகளைத் தமக்குள் வாங்கி விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு ஸஹாபியும் மர்வானிடம் சென்று இதைக் கண்டித்தனர். மர்வானும் காவலர்களை அனுப்பிச் சீட்டுகளைப் பறிமுதல் செய்து, உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். பசித்தவனுக்காக வந்த தானியம் ஒரு தலைமுறை கழியுமுன்பே வணிகச் சூதுக்குப் பொருளாகிவிட்டது. தடுத்துக் கேட்கும் நாவு இருந்ததால் அது அப்போது நின்றது.

அதற்கும் பின், அப்பாஸிய கலீஃபா மன்ஸூர் காலத்தில் கால்வாயின் கதை முடிந்தது. மதீனாவில் முஹம்மது நஃப்ஸுஸ் ஸகிய்யா அவர்கள் தலைமையில் கி.பி. 762இல் கிளர்ச்சி எழுந்தது. மதீனாவுக்கு உணவு போகாமலிருக்க அக்கால்வாயை அடைத்துவிடும்படி மன்ஸூர் உத்தரவிட்டார். உமர் (ரலி) அவர்கள் மதீனாவை ஊட்டத் திறந்த வழியை, மதீனாவைப் பட்டினி போட இன்னொரு கலீஃபா மூடினார். திறந்தவரும் முஸ்லிம், மூடியவரும் முஸ்லிம்.

ஒரு கால்வாயை வெட்டியவர் எந்த மதத்தார், எந்த நாட்டார் என்பது அதன் தகுதியை முடிவு செய்யாது. வெட்டும்போது யார் சோற்றில் கை வைத்தார்கள், வெட்டிய பின் அது யார் வாயில் சோறிட்டது என்பதே முடிவு செய்யும். அதையும் ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

படகோட்டியின் மகன்

மரக்காணத்தில் நாம் நின்றிருந்தபோது, உப்பளத்து வரப்பில் முதியவர் ஒருவர் வந்தார். எண்பது வயதிருக்கும். நம் தொப்பியையும் தாடியையும் கண்டு, “வாங்க பாய், எந்த ஊரு?” என்று வரவேற்றார். ஊரைச் சொல்லி, கால்வாய் பார்க்க வந்தோம் என்றோம். அவர் சிரித்துவிட்டார்.

“இதைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தீங்க? இப்ப என்ன இருக்கு பாய், சேறுதான். நான் சின்னப் பிள்ளையா இருக்கிறப்ப படகு போகும். எங்கப்பா உப்புப் படகுலதான் போவாரு. காத்து இருந்தா பாய் விரிப்பாங்க. இல்லேன்னா கரையில இறங்கிக் கயிறு கட்டி இழுக்கணும். ராத்திரியும் இழுக்கணும். அவரு தோள்ல கயித்துத் தடம் சாகுற வரைக்கும் போகல.”

“படகில் உப்பு போனதல்லவா, ஐயா, திரும்பி வரும்போது என்ன வரும்?” என்று நம் மாணவர் கேட்டார்.

“மெட்ராஸ் சாமானு வரும் தம்பி. எங்களுக்கா? கடைக்காரனுக்கு” என்றார் முதியவர்.

பாவேந்தர் பாரதிதாசன், சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இக்கால்வாயில் நண்பர்களோடு படகில் போன அனுபவத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக்கினார். இரவெல்லாம் படகை இழுத்துச் சென்ற உழைப்பாளியின் துயரம் அவர் கண்ணில் பட்டது. ஏட்டில் ஏறிய அத்துயரத்தை, அந்த முதியவரின் சொல்லில் மீண்டும் கேட்டோம்.

படகுகள் நின்றதற்குக் காரணங்கள் பல. 1870களிலேயே திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே ரயில் பாதை போடப்பட்டது. பிறகு லாரிகள் வந்தன. 1965, 1966, 1976 ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தன. பழுது பார்ப்பார் இல்லை. சென்னை நகருக்குள் கழிவுநீர் சேர்ந்தது. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நடப்பட்டு அதன் அகலத்தைக் குறைத்தன. 2008இல் இதை உள்ளடக்கிய நீர்வழியைத் தேசிய நீர்வழி 4 என அறிவித்தார்கள். முதியவர் அந்த அறிவிப்பைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இருப்பினும், எவரும் எண்ணாத ஒரு நன்மையை இக்கால்வாய் ஒருமுறை செய்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, கரையோரத்தில் பல இடங்களில், சிறப்பாக ஆந்திரக் கடற்கரையில், பொங்கி வந்த நீரைக் கால்வாய் வாங்கிக்கொண்டு அதன் வேகத்தைத் தணித்ததாக ஆய்ந்தவர்கள் கூறியுள்ளனர். தாது வருஷத்தில் எலும்பும் தோலுமாய் நின்று மண் வெட்டியவர்கள் இதை எண்ணியிருக்க முடியாது. ஆளுநரும் எண்ணியிருக்க மாட்டார். ஒருவன் இறந்த பின்னும் நன்மை சேர்ந்துகொண்டேயிருக்கும் செயலுக்கு ‘ஸதகா ஜாரியா’ என்று பெயர். அந்தப் பெயரற்ற உழைப்பாளிகளின் கணக்கில் இந்நன்மையை இறைவன் எவ்வாறு எழுதுவான் என்பதை அவனே அறிவான்.

திருத்திய பாடம்

அஸர் நேரம் நெருங்கியது. மாணவரின் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுத் திண்டிவனம் திரும்பினோம். பேருந்தில் மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஹஜ்ரத், அப்போ எங்க ஊர்க் கால்வாயை இனிமே பாடத்துல சொல்ல மாட்டீங்களா?”

“சொல்வோம், தம்பி. முன்பைவிட விரிவாகவே சொல்வோம்” என்றோம்.

ஷவ்வாலில் மதரஸா திறந்ததும் அப்பாடத்தைப் புதிதாக நடத்தினோம். கரும்பலகையில் இரண்டு கோடுகள் வரைந்தோம். ஒன்று நைலிலிருந்து செங்கடலுக்கு. மற்றொன்று பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணத்துக்கு. இரண்டின் கீழும் பிள்ளைகளையே மூன்று கேள்விகள் எழுதச் சொன்னோம். வெட்டியவர் யார்? அவருக்கு என்ன உணவு கிடைத்தது? இதில் வந்த பொருளை உண்டவர் யார்?

உமர் (ரலி) அவர்களின் சிறப்பு அக்கேள்விகளால் குறைந்துவிடவில்லை. பசித்தவனுக்கு முதலில் சோறிட்டு, தாமும் நெய்யை விலக்கி, பிறகு நாளைய பசிக்கு வழி தேடிய ஆட்சியின் பெருமை பிள்ளைகளுக்கு இப்போதுதான் நன்றாக விளங்கியது. இதுவரை அவர்கள் அதைப் புகழுரையாகவே கேட்டிருந்தார்கள். மரக்காணத்து மாணவர் தாமே எழுந்து, இரண்டாவது கோட்டின் கீழ் முதல் கேள்விக்கு விடை எழுதினார். ‘தாது வருஷத்தில் பசித்திருந்த நம் நாட்டு மக்கள்’ என்று எழுதிவிட்டு அமர்ந்தார்.

அந்தப் பக்கம் செல்லும் நேயர்கள் சிறிது நேரம் அக்கரையில் நின்று பார்க்க வேண்டுகிறோம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே உயர்ந்த கற்பாலம் எதுவுமில்லை. உப்புநீரும் மண்கரையுமே இருக்கின்றன. அம்மண்ணைத் தொட்டு, அதை வெட்டியவர்களுக்காக ஒரு துஆ செய்யுங்கள். வீடு திரும்பிச் சோற்றில் கை வைக்கும்போது, நம் அண்டை வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.